லியோனிதியோவுக்குப் பாறையேறப் போகிறவர்களுக்கு: விசா முதல் திரும்பும் பேருந்து வரை

கிரீஸ் நாட்டின் பெலோப்பொனீஸ் தீபகற்பத்தில், கிழக்குக் கடற்கரையை ஒட்டி, ஆர்க்காடியா மாவட்டத்தில் லியோனிதியோ என்ற சிற்றூர் இருக்கிறது. சில ஆயிரம் பேர் வாழும் வேளாண்மை ஊர். அதன் தலைக்கு மேலேயே செந்நிறச் சுண்ணாம்புப் பாறைச் சுவர் எழுந்து நிற்கிறது. சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் போல்ட் (கயிற்றை மாட்டப் பாறையில் பதிக்கும் உலோகப் பிடி) அடிக்கப்பட்ட ஏறுபாதைகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நான் முதல் முறை போனபோது பாறை எனக்குத் தந்த தொல்லையைவிடக் காகிதங்களும் பேருந்துகளும் தந்த தொல்லையே அதிகம். இரண்டாம் முறை போய்வந்த பிறகுதான் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது பிடிபட்டது. அந்த வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, உள்ளரங்கச் சுவரில் லீட் ஏற (கயிற்றைத் தானே ஒவ்வொரு போல்ட்டாக மாட்டிக்கொண்டு மேலே போக) பழகி, வெளிநாட்டுப் பாறைக்கு முதல் முறையாகக் கிளம்புகிறவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். லீட் ஏறவும் லீட் பிலே பிடிக்கவும் (ஏறுகிறவரின் கயிற்றைக் கீழே நின்று பிடித்துக் காக்கவும்) இன்னும் பழகாதவர் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. தேதியை முடிவு செய்யுங்கள்

லியோனிதியோ குளிர்காலத்து ஊர். அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதி வரை ஏறலாம். கோடையில் அந்தப் பாறையைத் தொடவே முடியாது. எனக்குப் பிடித்தவை நவம்பரும் மார்ச்சும். டிசம்பர், ஜனவரியில் அறை வாடகை குறையும். ஆனால் மழை நாள்கள் கூடும், பகல் குறுகும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். பள்ளத்தாக்கின் சுவர்கள் உயரமானவை என்பதால் பல இடங்களில் வெயில் அதற்கு வெகு முன்பே போய்விடும்.

ஒரு கண்ணியை மட்டும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். சனிக்கிழமை ஆறு மணிக்கு வெளிச்சத்தில் இறங்கிய நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அதே ஆறு மணிக்கு இருட்டில் ஒற்றையடிப் பாதையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். நெற்றி விளக்கு எந்நேரமும் பையில் இருக்கட்டும்.

அக்டோபர் 28, மார்ச் 25 இரண்டும் தேசிய விடுமுறைகள், கடைகள் மூடியிருக்கும். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஈஸ்டர் பெரும்பாலும் வேறு தேதியில் வரும்; 2027-இல் அது மே 2. லியோனிதியோவின் ஈஸ்டர் இரவு, வானில் விடப்படும் நூற்றுக்கணக்கான காகித பலூன்களால் கிரீஸ் முழுவதும் பெயர் பெற்றது. பார்க்கத் தகுந்த காட்சிதான். ஆனால் அந்த வாரத்தில் அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும்.

குறைந்தது இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். போக வர இரண்டிரண்டு நாள், மழைக்கு இரண்டு நாள், விரல் தோல் ஆற மூன்று நாள் என்று கழித்தால், ஒரு வாரப் பயணத்தில் ஏறுவதற்கு எதுவுமே மிஞ்சாது.

2. துணையை உறுதி செய்யுங்கள்

விசா வேலையைத் தொடங்குவதற்கு முன்பே துணை யார் என்பது முடிவாகிவிட வேண்டும். இருவரும் ஒரே நாளில் விண்ணப்பித்து, ஒரே பயணத் திட்டத்தைக் கொடுத்தால் காகிதங்கள் ஒன்றுக்கொன்று முரண்படாது. ஒருவருக்கு விசா வந்து மற்றவருக்கு வராமல் போனால் என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே பேசி வையுங்கள்; அந்தப் பேச்சு கசப்பானதுதான், ஆனாலும் பிறகு பேசுவது அதைவிடக் கசக்கும்.

தனியாகப் போகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஏறுகிறவர்கள் மாலையில் கூடும் காபிக் கடைகள் ஊரில் உண்டு. பருவ காலத்தில் அங்கே நாலு பேரிடம் கேட்டால் ஒரு துணை கிடைத்துவிடும். ஆனால் முன்பின் தெரியாதவர் கையில் உங்கள் கயிற்றைக் கொடுக்கும் முன், அவர் வேறொருவருக்குப் பிலே பிடிப்பதை ஒருமுறை பாருங்கள். முதல் பாதை இருவருக்குமே மிக எளியதாக இருக்கட்டும். அவர் கை பிரேக் கயிற்றை (விழுவதைத் தடுக்க விடாமல் பிடித்திருக்க வேண்டிய பக்கத்தை) விட்டு ஒரு கணம் விலகினாலும், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். இதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை.

3. விசா

கிரீஸ் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. உங்களுக்குத் தேவையானது குறுகிய காலச் சுற்றுலா விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்; விமானம் வழியில் வேறொரு ஷெங்கன் நாட்டில் இறங்கினாலும் இதில் மாற்றமில்லை. அங்கே சீக்கிரம் முன்பதிவு கிடைக்கிறது என்று வேறொரு நாட்டிடம் விண்ணப்பிக்கச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்காதீர்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவெடுக்க அவர்களுக்கு 15 நாள் அவகாசம். தேவைப்பட்டால் அது 45 நாள் வரை நீளலாம். விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், பயண நாளிலிருந்து மூன்று மாதம் பின்னோக்கி எண்ணி அன்றைக்கே முன்பதிவைத் தேடத் தொடங்குங்கள்.

பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. ஆறு முதல் பதினொரு வயது வரை 45 யூரோ. இதன் மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் உண்டு. விதிப்படி அது விசாக் கட்டணத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. குறுஞ்செய்தி, கூரியர், தனி அறை என்று மையத்தில் சொல்லப்படும் மற்றவை எல்லாம் உங்கள் விருப்பம். வேண்டாம் என்று சொல்லலாம். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பி வராது.

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். முன்பு ஷெங்கன் விசாவுக்காகக் கைரேகை கொடுத்து 59 மாதங்கள் ஆகவில்லை என்றால் அந்தப் பதிவையே மறுபடி பயன்படுத்த முடியும். பழைய விசாவின் நகலை உடன் வையுங்கள்.

மற்ற ஆவணங்கள் வழக்கமானவை: வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, அலுவலகத்தில் விடுப்புக்கு ஒப்புதல் தந்த கடிதம், விமான முன்பதிவு, தங்குமிட முன்பதிவு, காப்பீட்டுச் சான்று, முகப்புக் கடிதம். விசா கைக்கு வரும் முன்பு பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்காதீர்கள். அவர்கள் கேட்பது முன்பதிவைத்தான். அறையையும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையிலேயே பதியுங்கள்.

முகப்புக் கடிதத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். பாறையேற்றத்தைப் பெரிய வீரச் செயலாகக் காட்டும் ஆசையில், ‘மலையேற்றக் குழுப் பயணம்’ என்று எழுதிவிட்டேன். குழுவின் தலைவர் யார், அனுமதிக் கடிதம் எங்கே என்ற கேள்விகள் வந்தன. அதற்கு விளக்கம் எழுதி, பின்னிணைப்புகள் தேடி, பத்து நாள் வீணாயிற்று. சுற்றுலா என்று எழுதுங்கள். விடுமுறையில் லியோனிதியோவில் தங்கி, பொதுமக்களுக்குத் திறந்துள்ள பாறைகளில் விளையாட்டாக ஏறப் போகிறேன் என்று ஒரு வரியில் உண்மையைச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எந்த ஊரில் படுக்கிறீர்கள் என்று நாள்வாரியாக ஒரு பட்டியல் கொடுங்கள். அந்தப் பட்டியலும் அறை முன்பதிவும் காப்பீட்டுத் தேதியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரே ஓர் இரவு விடுபட்டிருந்தாலும் அது கண்ணில் படும்.

விசா ஒட்டியதும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை’ என்பது ஒன்று, ‘தங்கும் நாள்கள்’ என்பது வேறு. தேதிகளுக்கு இடையே முப்பது நாள் இருந்தாலும் தங்கும் நாள் பதினாறு என்று அச்சிட்டிருந்தால் பதினாறு நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும்.

4. காப்பீடு: இதை அவசரமாகப் படிக்காதீர்கள்

விசாவுக்கான பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளிலும், தங்கும் நாள் முழுவதற்கும் செல்ல வேண்டும். உடல்நிலை காரணமாகத் தாயகம் திருப்பி அனுப்பும் செலவும் அதில் அடங்க வேண்டும். இணையத்தில் பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். விசாவும் கிடைத்துவிடும். ஆனால் அத்தகைய காப்பீடுகள் பலவற்றில் பாறையேற்றம் விலக்கப்பட்டிருக்கும்.

முதல் பயணத்தின் நான்காம் நாள் நான் பாதையின் மூன்றாம் போல்ட்டுக்கு முன்னால் விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டேன். எலும்பு முறியவில்லை. மருந்துக்கும், ஊன்றுகோலுக்கும், திரிப்போலிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போய்வந்த வாடகைக் காருக்கும் ஆன செலவை ஊர் திரும்பியதும் கேட்டேன். ‘கயிறு பயன்படுத்தி ஏறும் எந்தச் செயலும்’ விலக்கப்பட்டது என்ற வரியை எடுத்துக்காட்டிக் கோரிக்கையை நிராகரித்தார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல இடமில்லை. அந்த வரி நான் கையெழுத்திட்ட தாளில்தான் இருந்தது.

ஆகவே முழு விதித் தாளைத் தரவிறக்கி, விலக்குகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். சாகச விளையாட்டுக் கூடுதல் பிரிவு ஒன்றைச் சேர்த்தால் போதும் என்று விற்பவர் சொல்லலாம். அந்தக் கூடுதல் பிரிவிலேயே ‘உள்ளரங்கச் சுவரில் மட்டும்’ என்றோ ‘உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டும்’ என்றோ நிபந்தனை இருக்கக்கூடும். துணையோடு தாங்களாகவே, வெளிப் பாறையில், போல்ட் அடித்த பாதையில், கயிற்றோடு ஏறுவது அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பாறையிலிருந்து தூக்கிவரும் மீட்புச் செலவு அடங்குமா என்பது தனிக் கேள்வி. தேவையானால் விசாவுக்கு ஒன்று, ஏறுவதற்கு ஒன்று என்று இரண்டு காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதன் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள், நாம் ஒரு ஜோடி ஏறும் காலணிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

அவசர எண் 112; ஆம்புலன்ஸுக்கு நேரடியாக 166. சிறு காயங்களுக்கு லியோனிதியோவிலேயே சுகாதார மையம் உண்டு. பெரிய மருத்துவமனைக்கு மலைச்சாலையில் நெடுநேரம் போக வேண்டும்.

5. எதைக் கொண்டுபோவது, எப்படிக் கட்டுவது

80 மீட்டர் கயிறு வேண்டும். 60 மீட்டர் கயிற்றோடு வந்தவர்கள் பாதையின் அடியில் நின்று வழிகாட்டி நூலைப் புரட்டிப் புரட்டித் தங்களுக்கேற்ற பாதையைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏறியவரைக் கீழே இறக்கப் பாதையைப் போல இரு மடங்கு நீளக் கயிறு வேண்டும்; இங்கே 30 மீட்டரைத் தாண்டும் பாதைகள் சர்வசாதாரணம். பாதைகள் நீளமானவை என்பதால் குயிக்டிரா (போல்ட்டையும் கயிற்றையும் இணைக்கும் இரட்டைக் கொக்கி) குறைந்தது பதினெட்டு வேண்டும், துணையோடு பங்கிட்டுக்கொள்ளலாம். தலைக்கவசம் இல்லாமல் வராதீர்கள். சில பாறைகளின் மேல் ஆடுகள் மேய்கின்றன. அவை கல்லைத் தட்டிவிடும்.

80 மீட்டர் கயிறு ஏறக்குறைய ஐந்து கிலோ. குயிக்டிரா, ஹார்னெஸ் என்ற இடுப்பு வார், காலணி, தலைக்கவசம் எல்லாம் சேர்ந்தால் பத்துக் கிலோவை நெருங்கும். இருவர் போகும்போது ஒருவர் பையில் கயிறு, மற்றவர் பையில் இரும்பு என்று பிரித்துக்கொண்டால் எடை வரம்புக்குள் அடங்கும். கயிறும் உலோகப் பொருள்களும் சரக்குப் பையில்தான் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடக்கூடும். சாக்குத் தூளை ஒருபோதும் கைப்பையில் வைக்காதீர்கள். பெயரில்லாத பிளாஸ்டிக் உறையில் வெள்ளைத் தூளை எடுத்துச் சென்று, அது கைக்குப் பூசும் மக்னீசியம் கார்பனேட் என்று விமான நிலையத்தில் விளக்கும் அனுபவம் ஒருவருக்கும் வேண்டாம். உடைக்காத கடை உறையோடு சரக்குப் பையில் போடுங்கள். காலணியை மட்டும் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பை தொலைந்தாலும் மற்றவற்றை இரவல் வாங்கலாம், உங்கள் காலுக்குப் பழகிய காலணியை வாங்க முடியாது.

6. ஏதென்ஸிலிருந்து ஊருக்கு

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முகப்படமும் கைரேகையும் பதியும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வரிசை நீளலாம். ஆகவே விமானம் தரையிறங்கும் நேரத்துக்கும் பேருந்து கிளம்பும் நேரத்துக்கும் இடையே குறைந்தது நாலு மணி நேரம் விடுங்கள். மாலையில் இறங்குகிறீர்கள் என்றால் ஏதென்ஸில் ஓர் இரவு தங்கிவிடுவதே நல்லது.

பேருந்தில் போகிறவர்கள் விமான நிலையத்துக்கு வெளியே எக்ஸ்93 எண்ணுள்ள விரைவுப் பேருந்தில் ஏற வேண்டும். நான் போனபோது கட்டணம் 5.50 யூரோ. அது இரண்டு வெளியூர்ப் பேருந்து நிலையங்களுக்குப் போகும்: ஒன்று லியோசியோன், மற்றொன்று கிஃபிசோஸ். நீங்கள் இறங்க வேண்டியது கிஃபிசோஸில். நான் தூக்கக் கலக்கத்தில் லியோசியோனில் இறங்கி, பெலோப்பொனீஸ் பேருந்து எங்கே என்று ஒவ்வொரு சன்னலாகக் கேட்டு, கடைசியில் வாடகைக் கார் பிடித்துக் கிஃபிசோஸ் சேர்ந்தபோது, அன்றைய பேருந்து போயிருந்தது.

கிஃபிசோஸில் ஒவ்வொரு மாவட்டப் பேருந்துக் கழகத்துக்கும் தனிச் சன்னல் உண்டு. ‘கேடெல் ஆர்க்காடியா’ என்று கேளுங்கள். லியோனிதியோவுக்கு நாளொன்றுக்கு மிகச் சில பேருந்துகளே. நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், வார இறுதியில் இன்னும் மாறும். முந்தைய நாள் மறுபடி சரிபாருங்கள். பயணம் ஏறக்குறைய நாலு மணி நேரம். கட்டணத்துக்கு இருபத்தைந்து யூரோ ஒதுக்கி வையுங்கள். கடைசிப் பகுதி கடலை ஒட்டிய வளைவுச் சாலை. வயிறு புரட்டும் இயல்புள்ளவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள்.

கார் எடுப்பதா வேண்டாமா என்பது எல்லோருக்கும் வரும் கேள்வி. ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய பாறைகள் உண்டு. முதல் வாரத்துக்கு அவை போதும். ஆனால் எலோனா மடாலயத்தின் பக்கம் மேலே ஏறும் பள்ளத்தாக்குப் பாறைகளுக்கும், தெற்கே பூலித்ரா பக்கம் போவதற்கும் வண்டி வேண்டும். இரண்டாம் வாரத்தில் வேறு ஏறுகிறவர்களோடு பகிர்ந்துகொள்ள முடிந்தால் செலவு குறையும்.

கார் எடுக்கிறவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன்பே ஊரில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அசல் உரிமத்தையும் உடன் வையுங்கள். வாடகை நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பது ஓட்டுகிறவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு. டெபிட் கார்டையோ துணையின் கார்டையோ நீட்டினால் சாவி கிடைக்காமல் போகலாம். பிணைத்தொகையாக ஒரு பெருந்தொகையை அதில் நிறுத்தி வைப்பார்கள், ஆகவே அந்த வரம்பைக் காலியாக விட்டிருங்கள். இருப்பதிலேயே சிறிய காரை எடுங்கள். லியோனிதியோவின் பழைய தெருக்களில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். கைபேசி காட்டும் குறுக்குவழியை நம்பிச் சந்துக்குள் நுழைந்துவிடாதீர்கள். கொரிந்து வரையிலான நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிகள் உண்டு, சில்லறை வைத்திருங்கள். வண்டி வலப்பக்கம் ஓடும் என்பதை முதல் இரண்டு நாள் துணை உரக்கச் சொல்லிக்கொண்டே வரட்டும்.

7. தங்குமிடம்

ஊருக்குள், சிறு சமையலறையோடு கூடிய அறையை எடுங்கள். நாங்கள் இருவர் நவம்பரில் இரவுக்கு 40 யூரோ கொடுத்தோம். கடற்கரைப் பகுதியான பிளாக்கா அழகானது. ஆனால் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், வண்டி இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு நடை.

பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். காலநிலை வரி என்று இரவுக்கு இவ்வளவு என ஒரு தொகை தனியாக வாங்குவார்கள். அது சொன்ன விலையில் சேர்ந்ததா? குளிருக்கு அறையைச் சூடாக்கும் செலவு அடங்கியதா? வெந்நீர் சூரியச் சூடேற்றியிலிருந்து மட்டுமா, மின்சாரத்திலும் வருமா? மூன்றாவதை அற்பமாக நினைக்காதீர்கள். நான்கு நாள் மேகமூட்டத்துக்குப் பிறகு இதன் அருமை தெரியும்.

ஒலிவத் தோப்பில் கூடாரம் போட்டுக்கொண்டால் செலவே இல்லை என்று சிலர் சொல்வார்கள். கிரீஸில் அனுமதியற்ற இடத்தில் முகாமிடுவது சட்டத்துக்குப் புறம்பானது, அபராதமும் உண்டு. பாறைக்குப் போகும் வழிகள் பல தனியார் நிலங்களை ஒட்டியவை என்பதால், ஒருவர் செய்யும் அத்துமீறல் மற்ற எல்லோருக்கும் வழியை அடைத்துவிடக்கூடும். படலைத் திறந்தால் மூடுங்கள், தோப்பு வாசலில் வண்டி நிறுத்தாதீர்கள்.

8. பாறையில் முதல் நாள்

உள்ளூரில் விற்கும் வழிகாட்டி நூலை முதல் வேலையாக வாங்குங்கள். ஏறும் வழி, பாதையின் நீளம், எந்தப் பாறையில் எப்போது வெயில் என்பதெல்லாம் அதில் இருக்கும். பாதையின் கடினத்தைக் காட்டும் தரவரிசை பிரெஞ்சு முறையில் இருக்கிறது; எண் கூடினால் கடினம் கூடும். உள்ளரங்கில் 6பி ஏறுகிறவர் முதல் நாள் 5சி-யில் தொடங்கினால் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. பாறையில் பிடிகளுக்கு வண்ணம் பூசியிருக்காது. அவற்றைத் தேடுவதிலேயே கை களைத்துவிடும்.

உள்ளரங்கிலிருந்து வருகிறவர்கள் சிக்கும் இடம் பாதையின் உச்சிதான். உள்ளே எல்லாம் தயாராகத் தொங்கும். இங்கே உச்சியில் இரண்டு போல்ட்டும் வளையமும் மட்டும் இருக்கலாம். கடைசியாக ஏறுகிறவர் எல்லாக் குயிக்டிராவையும் கழற்றிக்கொண்டு இறங்க வேண்டும். வளையம் அகலமாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: முதலில் ஒரு ஸ்லிங்கால் (வலுவான நாடா வளையத்தால்) உங்களை நங்கூரத்தோடு, அதாவது உச்சி போல்ட்டுகளோடு, பிணைத்துக்கொள்ளுங்கள். பிறகு கயிற்றைக் கொஞ்சம் இழுத்து, மடித்த வளைவாக வளையத்துக்குள் நுழைத்து, அந்த வளைவில் எட்டு வடிவ முடிச்சு ஒன்றைப் போட்டு, பூட்டுள்ள காரபைனரால் (உலோகக் கொக்கியால்) ஹார்னெஸின் பிலே வளையத்தில் மாட்டுங்கள். அதற்குப் பிறகே பழைய முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த முனையை வெளியே இழுத்துவிட்டு, பிலே பிடிப்பவரைக் கயிற்றை இறுக்கச் சொல்லி, உடல் எடை கயிற்றில் விழுவதைக் கண்ணால் பார்த்து, கடைசியாக ஸ்லிங்கைக் கழற்றுங்கள். இந்த வரிசையில் எந்தக் கட்டத்திலும் நீங்கள் கயிற்றிலிருந்து விடுபடவில்லை என்பதைக் கவனியுங்கள். கிளம்பும் முன் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இதை முப்பது முறை செய்து பழகுங்கள். வளையம் குறுகலாக இருக்கும்போது செய்யும் முறை வேறு. அதை ஒரு பயிற்சியாளரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

கீழே இறக்கச் சொல்லப் போகிறேனா, நானே ராப்பெல் செய்து (கயிற்றில் என் வேகத்தை நானே கட்டுப்படுத்தி) இறங்கப் போகிறேனா என்பதைத் தரையிலேயே துணையிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து காற்றில் கத்துவது காதில் விழாது. பாதி கேட்ட சொல்லை வைத்துப் பிலே பிடிப்பவர் கயிற்றை விட்டுவிட்டால் அது கடைசி ஏற்றமாகிவிடும்.

கயிற்றின் தரை முனையில் ஒவ்வொரு முறையும் முடிச்சுப் போடுங்கள். 80 மீட்டர் என்று எழுதியிருக்கும் கயிறு முனை வெட்டப்பட்டு 76 ஆகியிருக்கலாம். 38 மீட்டருக்கு மேற்பட்ட பாதையிலிருந்து இறக்கும்போது முனை பிலே கருவியை விட்டு நழுவிவிடும். அந்த ஒரு முடிச்சு அதைத் தடுக்கும். வழிகாட்டி நூலில் உள்ள பாதை நீளத்தைக் கயிற்றின் நீளத்தோடு ஒப்பிடும் வேலையை ஏறுகிறவரும் பிடிப்பவரும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

9. சாப்பாடும் கடையும்

கடைகள் காலையில் திறந்து பிற்பகலில் மூடும். பல கடைகள் மாலையில் மீண்டும் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பொதுவாகத் திறப்பதில்லை, ஆகவே சனிக்கிழமை மாலைக்குள் இரண்டு நாள் பொருள்களை வாங்கி வையுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் ஞாயிறை நாங்கள் பிஸ்கட்டில் கழித்தோம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கிரீஸ் கடினமான நாடு அன்று. எண்ணெயில் வெந்த காய்கறி வகைகளுக்கு ‘லதேரா’ என்று பெயர். பெரிய வெள்ளை மொச்சையில் செய்யும் ‘யிகாந்தஸ்’ வயிறு நிறைக்கும். ‘நிஸ்தீசிமோ’ என்று கேட்டால் நோன்புக்கால உணவு தருவார்கள். இறைச்சியும் பாலும் முட்டையும் அதில் இருக்காது. ஆனால் கணவாயும் ஆக்டோபஸும் நோன்பை முறிக்காதவை என்பது அவர்கள் வழக்கம், எனவே ‘கடல் பொருளும் வேண்டாம்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். இந்த ஊரின் நீளமான, வரி போட்ட இனிப்புக் கத்தரிக்காய் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புப் பெற்றது. நம்மூர்க் கத்தரிக்காய்ப் பிரியர்கள் அதைச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

10. எங்களுக்கு ஆன செலவு

விமானச் சீட்டை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தலைக்கு: விசாவும் சேவைக் கட்டணமும் சேர்த்து ஏறக்குறைய 120 யூரோ, இரு காப்பீடுகளுக்கும் சேர்த்து 110, அறையில் என் பங்கு 280, பேருந்துகளுக்கு 60, இரண்டாம் வாரத்தில் பகிர்ந்த காருக்கும் எரிபொருளுக்கும் 130, பெரும்பாலும் அறையில் சமைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை வெளியே சாப்பிட்டதில் உணவுக்கு 210, வழிகாட்டி நூல், மருந்து, சில்லறைகளுக்கு 70. மொத்தம் 980 யூரோ. இதற்கு மேல் 200 யூரோவைத் தனியாக வைத்திருங்கள். அதில் 100 யூரோ ரொக்கமாக இருக்கட்டும்.

11. திரும்புதல்

விமானத்துக்கு முந்தைய இரவை ஏதென்ஸில் கழிக்கும்படி திட்டமிடுங்கள். விமான நாளன்று காலைப் பேருந்தில் கிளம்பி நேரே விமான நிலையம் போய்விடலாம் என்ற கணக்கு, பேருந்து ரத்தானால் குலைந்துவிடும். தங்கும் நாள்களின் எண்ணிக்கையும் அன்றே முடிகிறது என்றால் சிக்கல் இரட்டிப்பாகும். திரும்பும் பேருந்தின் நேரத்தை ஊரில் இறங்கிய அன்றே கேட்டு எழுதி வைத்து, கிளம்பும் முன்தினம் மறுபடி கேளுங்கள். ஊரில் கடைசி நாள் ஏறுவதை நண்பகலோடு நிறுத்தி, கயிற்றை விரித்து உதறிக் காயவையுங்கள். ஈரக் கயிறு பையில் ஒரு கிலோ கூடுதலாக நிற்கும்.